ஓட்டுப் பாடம்

மார்ச் 3, ஞாயிறு

இலங்கைக்குப் போன நம் பட்டாளம் கடைசிக் கப்பலில் திரும்பி வந்த வருடத்துக் கதை இது. அதற்கு நாலு மாதம் முந்திதான் பதினெட்டு வயதுக்காரர்கள் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்கள். ஐப்பசியில் பெய்யாத மழை எங்கள் பக்கம் மாசியில் பெய்து, களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வற்றல் அத்தனையும் கறுத்துப்போனது. தமயந்தி கணக்குப் பார்த்து 1990 என்கிறாள். போட்டுக்கொள்ளட்டும். எனக்கு மிளகாய் கறுத்ததுதான் அடையாளம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மகள் தமயந்தி. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவள். ஊரார் அழுதுகொண்டு சொல்வதையெல்லாம் நல்ல தமிழில் ஆக்கி, கீழே ரேகை வைக்க இடம் விடுவாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்கு என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

"யாருக்குப்பா இந்த மனு? பெறுநர் போடணும்ல" என்று கேட்டாள்.

"சும்மா எழுது" என்றேன்.

காரணம் உண்டு. ஞானதிரவியம் சார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாராம். எண்பத்தாறு வயது. பள்ளிக்கூடங்களுக்குப் பாட நாடகம் போட்ட எங்கள் குழுவில் நாங்கள் நாலு பேர். பாக்கியத்தாய் கொரோனாவில் போனாள். ரசாக் பாய் அதற்கு ரொம்ப முந்தியே போய்விட்டார். மிச்சம் சாரும் நானும். அவரிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்துநாலு வருடமாகச் சொல்லவில்லை. அவர் போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து மூன்று வேளையும் விட்டேன். சாரைப் பார்க்க அருப்புக்கோட்டைக்குப் போகவில்லை.

மார்ச் 9, சனி

நாடகம் என்றால் ராஜா வேஷம் என்று நினைக்கக் கூடாது. பத்தாம் வகுப்புப் பாடத்தை நடித்துக் காட்டுவது. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம் எங்கள் பக்கம் ஏராளம். ஞானதிரவியம் சார் வரலாற்று வாத்தியார். தன் பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, பரீட்சைக்கு முந்தின மாதம் ஊர் ஊராகப் போவார். வேப்பமரத்தடிதான் மேடை. இரண்டு கம்பு நட்டு ஒரு போர்வையைக் கட்டினால் திரை.

இதயப் பாடத்துக்குப் பாக்கியத்தாய் சிவப்புச் சேலை கட்டி நடுவில் நிற்பாள். நாலு பிள்ளைகளைக் கதவாக நிறுத்துவோம். ரசாக் பாய் ரத்தம். ஒரு கதவில் நுழைந்து, நுரையீரலுக்கு ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். தொந்தி குலுங்கும். "ஏட்டி இதயம், கொஞ்சம் மெல்லத் துடி, எனக்கு வயசாச்சு" என்பார். முந்நூறு பிள்ளைகளும் சிரிக்கும். சிரித்த பாடம் மறக்காது என்பது சாருடைய கொள்கை. இன்றைக்கும் எனக்கு இதயத்தின் நாலு அறையும் வரிசையாகத் தெரியும்.

ஒரு நாளைக்கு ஆறு பாடம் நடத்துவோம். எந்த நடிகருக்கும் அத்தனை வசனம் நிற்காது. அதனால் நடிக்கிறவர்கள் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. போர்வைக்குப் பின்னால் ஒருவன் நின்று மெதுவாக எடுத்துக் கொடுப்பான். அதைக் காதில் வாங்கி அவர்கள் உரக்கச் சொல்வார்கள். அந்த ஒருவன் நான். பெட்டி தூக்க வந்தவன்தான். ஒரு நாள் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, கேட்டுக் கேட்டு மனதில் இருந்ததை முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒப்பித்தேன். அன்றைக்கே வேலை மாறியது. நாலாவது வரைக்கும் படித்திருக்கிறேன் என்று சாரிடம் சொன்னேன்.

தமயந்தி நிறுத்தினாள். "பொய் சொன்னேன்னு போடவா, தவறான தகவல் அளித்தேன்னு போடவா?"

"எது நல்லா இருக்கோ போடு."

பொய் என்றே போட்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

சாருக்கு நான் எழுத்தறியாதவன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆள் பார்க்கும்போது பக்கம் திருப்புவேன். புதுப் பாடம் எழுதினால் சார் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு தடவை சத்தமாக வாசிப்பார். பாக்கியத்தாயும் ரசாக் பாயும் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள். இருந்தாலும் வாசிப்பார். வாத்தியார் பழக்கம் அது. எனக்கு இரண்டு தடவை போதும்.

மார்ச் 12, செவ்வாய்

காய்ச்சல் மாதிரி இருந்தது. ரசம் சாதம். எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, புதன்

இன்று சொல்லிவிடுகிறேன்.

ஓட்டுப் பாடம் என்று ஒன்று உண்டு. குடிமையியல். ரசாக் பாய் ஓட்டுச்சாவடி அதிகாரி. மேஜையில் ஒரு தகரப் பெட்டி. பாக்கியத்தாய் ஒவ்வொரு ஆளாக வேஷம் மாற்றி ஓட்டுப் போட வருவாள். கடைசியில் கூட்டத்திலிருந்து நிஜமாகவே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டு, வயது கேட்டு, "போ போ, உனக்கு இன்னும் ஓட்டு முளைக்கல" என்று அனுப்புவோம். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் எழுந்து நிற்கச் சொல்லி மூன்று தடவை கத்த வைப்போம்: "இருபத்தொண்ணு முடிஞ்சாத்தான் ஓட்டு!"

சட்டம் மாறிப் பதினெட்டு ஆகிவிட்டது என்று ரேடியோவில் எல்லோரும் கேட்டோம். தேர்தலும் முடிந்தது. ஆனால் பிள்ளைகள் கையில் இருந்த புத்தகத்தில் இருபத்தொன்றுதான். பாக்கியத்தாய் ஒரு நாடகத்தில் பதினெட்டு என்று சொல்லிவிட்டாள். சார் அவளைக் கூப்பிட்டு, "தாயி, பரீட்சைக்குப் புத்தகம்தான் சட்டம். ரேடியோ இல்ல" என்றார். அது எங்களுக்கு வேதமாகிவிட்டது.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது சுற்றறிக்கை வந்தது. புத்தகத்தில் என்ன இருந்தாலும் பதினெட்டு என்று எழுதினால்தான் மதிப்பெண் என்று. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியாது. சார் அப்போது ஊரில் இல்லை. அவருடைய அம்மா நாசரேத்தில் இறந்துபோய் அங்கே இருந்தார். சுற்றறிக்கை விஷயம் தெரிந்ததும் அங்கிருந்தே பாடத்தை மாற்றி எழுதி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். கண்டக்டர் உறையை என் கையில் கொடுத்தான்.

பாக்கியத்தாய் ஓடி வந்தாள். "என்னண்ணே, சார் என்ன எழுதிருக்காரு? குடுங்க, பாப்போம்."

கொடுத்திருக்கலாம். கொடுத்தால் சத்தமாகப் படித்திருப்பாள். நான் கொடுக்கவில்லை. அதற்கு முந்தின நாள் ரசாக் பாய் எல்லோர் முன்னாலும், "நம்ம வெள்ளைச்சாமி தாளைத் தலைகீழாப் புடிச்சாலும் வசனம் நேராத்தான் வரும்" என்று சொல்லிச் சிரித்திருந்தார். அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தாளைப் பிரித்துக் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினேன்.

"ஒண்ணும் புதுசில்ல தாயி. அதேதான். ரெண்டு எடத்துல கமா மாத்திருக்காரு."

அந்தக் கமாவை எங்கிருந்து பிடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மூன்று பள்ளிக்கூடங்களில் அந்த நாடகத்தைப் போட்டோம். மூன்றிலும் வரலாற்று வாத்தியார் இடம் காலி. நாங்கள்தான் பாடம்.

மார்ச் 14, வியாழன்

நேற்றோடு நிறுத்தலாம் என்று பார்த்தேன். தமயந்தி விடவில்லை.

மூன்றாவது பள்ளிக்கூடம் சேந்தன்குளம். மேடைக்கு வந்த பிள்ளை நீல ரிப்பன் கட்டியிருந்தது. இடது பக்க ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. வயது பதினைந்து என்றது. ரசாக் பாய் இருபத்தொன்று ஆகவேண்டும் என்றதும், அந்தப் பிள்ளை போகவில்லை. "சார், எங்க அண்ணனுக்குப் பத்தொம்போதுதான். போன கார்த்திகையில ஓட்டுப் போட்டுச்சே. வெரல்ல மை இருந்துச்சே!" என்று கேட்டது.

ரசாக் பாய் திகைத்துப் போர்வைப் பக்கம் பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். தாளில் இருந்தது அல்ல. நானாகச் சொன்னது. "பரீட்சைக்குப் புத்தகம்தான் கணக்கு, உங்க அண்ணன் இல்ல."

பாய் அதையே உரக்கச் சொன்னார். பள்ளிக்கூடமே சிரித்தது. அந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தது. பிறகு மூன்று தடவை கத்தியது. நான் போர்வை ஓட்டை வழியாகப் பார்த்தேன். மற்ற பிள்ளைகளைவிட உரக்கக் கத்தியது.

கோடிட்ட இடத்தை நிரப்புக என்று அந்தக் கேள்வியே வந்தது. ஒரு மதிப்பெண். அந்தப் பிள்ளை சமூக அறிவியலில் முப்பத்துநாலு. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தது. முப்பத்தைந்து இருந்தால் தேர்ச்சி. அதன் அப்பா மதிப்பெண் தாளைச் சாருடைய பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து, "கூத்துக் காட்டிக் கெடுத்துட்டீகளேய்யா" என்று வாசலில் மண்ணை அள்ளி வீசினார். மறுபடி எழுத அந்தப் பிள்ளையை விடவில்லை. தீப்பெட்டிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் கோவில்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்ததாகக் கேள்வி.

தமயந்தி பேனாவை மூடினாள்.

"அந்தப் பிள்ளை பேரு என்னப்பா?"

"ஞாபகம் இல்ல."

"ரிப்பன் எந்தப் பக்கம் அவுந்துச்சுன்னு ஞாபகம் இருக்கு. மேடையில பேரு கேட்டீங்கன்னும் சொல்றீங்க."

"ஞாபகம் இல்லன்னா இல்ல."

அவள் நோட்டை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மார்ச் 16, சனி

தேர்தல் தேதி சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் பத்தொன்பது. தமயந்தி போன வருடமே என் ஓட்டை இந்த ஊருக்கு மாற்றியிருந்தாளாம். நாளைக்கு அருப்புக்கோட்டைக்குப் போகிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

போய் வந்தேன்.

சார் சுருங்கிப்போய்க் கட்டிலில் கிடந்தார். மகன் ஜெபராஜ் தலைமாட்டில் இருந்தான். "ஆளு அப்பப்ப அடையாளம் தெரியும் மாமா, அப்பப்பத் தெரியாது" என்றான். என்னைத் தெரிந்தது.

"வெள்ளைச்சாமி. இதயத்தை எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக. சார் திருப்பிச் சொன்னார். இரண்டாவது கதவு வரைக்கும் சொன்னார். ரத்தம் நுரையீரலுக்குப் போகும் இடத்தில் மூச்சு வாங்கியது. நிறுத்தினேன். ஜெபராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போடப் போனான்.

இதுதான் நேரம் என்று நாற்காலியைக் கிட்ட இழுத்தேன். அந்த மதிப்பெண் விவகாரத்தில் விசாரணை நடந்த நாள் மனதில் வந்தது. கல்வி அதிகாரி உள்ளே சத்தம் போட்டார். வராந்தாவில் சாருடைய குடையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். "எடுத்துக் கொடுத்தது யார்?" என்று அதிகாரி கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது. சார் சொன்னதும் விழுந்தது. "பழைய பாடத்தைக் கொடுத்தவன் நான். அவங்க யாரும் பொறுப்பில்ல." குழுவைத் தடை செய்தார்கள். தலைமையாசிரியர் பதவி அடுத்த மாதம் வர வேண்டியது, வரவில்லை. கடைசி வரைக்கும் வரவில்லை. வெளியே வந்து குடையை வாங்கிக்கொண்டு, "வெயிலு ஜாஸ்தி, வா" என்றார். அவ்வளவுதான்.

"சார், அந்த ஓட்டுப் பாடம்..." என்று ஆரம்பித்தேன்.

சார் கண்ணைத் திறந்தார். "அது என் தப்பு. நான் நேர்ல வந்து வாசிச்சிருக்கணும்" என்றார்.

நினைவு தப்பிப் பேசுகிறார். பாவம். எந்தப் பாடத்தைச் சொல்கிறாரோ. நான் அதற்கு மேல் பேசவில்லை. காப்பி வந்தது. குடித்தேன். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன்.

மார்ச் 24, ஞாயிறு

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். முழங்கால் வலி.

தமயந்தி, "முழங்காலா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினாள்.

மார்ச் 26, செவ்வாய்

பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கிவிட்டது. தெருவில் பிள்ளைகள் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதடு அசைய அசையப் போனார்கள். ஜன்னலைச் சாத்தினேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஞானதிரவியம் சார் போய்விட்டார். காலை ஒன்பது மணிக்கு.

ஏப்ரல் 4, வியாழன்

அடக்கம் முடிந்து வந்தோம். கல்லறைத் தோட்டத்தில் பழைய மாணவர்கள் நிறைய. ஒரு போலீஸ்காரர், இரண்டு டாக்டர்கள். போதகர் என்னைக் காட்டி, "ஐயாவோட நாடகக் குழுவுல இருந்தவரு, ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார். எழுந்து நின்றேன். எத்தனை ஆயிரம் வரி இந்த வாயால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு எனக்கு எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. "நல்ல மனுஷன்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

இன்று சமூக அறிவியல் பரீட்சை.

என் டிரங்குப் பெட்டியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் அந்த உறை. கண்டக்டர் கொடுத்த உறை. இத்தனை வருடம் யாரையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. என்ன இருக்கும் என்றுதான் தெரியுமே, பதினெட்டு இருக்கும். தமயந்தியிடம் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் பிரித்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது. முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன?" என்றேன்.

"மேல தனியா ஒரு குறிப்பு இருக்குப்பா. பாடம் அதுக்கும் கீழதான் ஆரம்பிக்குது."

"வாசி."

வாசித்தாள். அவள் வாசித்தபடியே இங்கே எழுதச் சொல்கிறேன்.

"பாக்கியத்தாயிக்கு: இதை வெள்ளைச்சாமி காதில் விழும்படி இரண்டு தடவை சத்தமாக வாசிக்கவும். அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம், சங்கடப்படுவான். 21 இல்லை, 18. மறக்க வேண்டாம்."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள்.

எனக்கு இரண்டு தடவை போதும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சாப்பிடவில்லை.

ஏப்ரல் 13, சனி

பூத் சிலிப் கொண்டுவந்து கொடுத்தார்கள். எந்த இடம் என்று கேட்டேன். "நம்ம ஊருக்கும் சேந்தன்குளம் பள்ளிக்கூடம்தான்" என்றாள் தமயந்தி. நான் வரவில்லை என்றேன்.

"வரணும்பா."

"கால் வலி."

"ஆட்டோ சொல்லிருக்கேன்."

இத்தனை பிடிவாதம் பிடிக்கிறவள் இல்லை அவள்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம்.

வேப்பமரம் அப்படியே இருக்கிறது. நாங்கள் கம்பு நட்ட இடத்தில் சிமெண்ட் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். ஓட்டுச்சாவடி ஆட்களுக்குச் சமைக்கச் சத்துணவுக் கூடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வரிசை நீளம். தமயந்தி என்னை நிழலில் உட்காரவைத்துவிட்டு, அடுப்பங்கரைப் பக்கம் போய் யாரிடமோ பேசினாள்.

ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் கரி. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து எழுப்பி, வரிசையில் முன்னால் விடச் சொல்லி அழைத்துப்போனாள்.

"வழி விடுங்கப்பா, வயசானவரு." என் பக்கம் குனிந்து, "என்னய்யா, பதினெட்டு முடிஞ்சிருச்சா? உள்ள கேப்பாக!" என்றாள்.

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு மேடையிலிருந்து சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாளே, அதே சிரிப்பு.

அடுப்படியிலிருந்து இன்னொருத்தி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழம்பு பொங்குகிறது என்று. "இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்தாள். ஆனால் என்னை வாசல்படி ஏற்றிவிட்டுத்தான் போனாள். என் விரலில் மை வைத்தார்கள். எந்தச் சின்னத்தில் அழுத்தினேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது, கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவள் அகப்பையோடு நின்று, "ஐயாவுக்குக் கிறுகிறுன்னு வருதோ? தமயந்தி, ஆளப் புடி" என்றாள். தமயந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் உண்டு போலிருக்கிறது.

சொல்லவில்லை. வாய் திறந்தேன். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

ஆட்டோவில் வரும்போது தமயந்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கோவில்பட்டியில இருந்து ஊருக்கே திரும்பி வந்து, இருபத்திரண்டு வருஷமா அங்க சமையல் உதவியாளரு. அமைப்பாளர் வேலைக்குப் பத்தாவது தேறியிருக்கணும். மூணு தடவை மனுப் போட்டாங்க. மூணும் நான்தான் எழுதினேன். 'ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறியவர்'னு போட்டேன்பா. மூணுலயும் போட்டேன்."

"திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"மூணையும்."

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். "பெறுநர்னு முதல் நாள் கேட்டேன். இப்பவாவது பேரைச் சொல்லுங்க" என்றாள்.

ஞாபகம் இல்லாமல் என்ன. பத்தாம் வகுப்பு, பி பிரிவு, இரண்டாவது வரிசை. ரசாக் பாய் மேஜையைத் தட்டிப் பெயர் கேட்டபோது, அந்தப் பிள்ளை அவிழ்ந்த ரிப்பனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முந்நூறு பேருக்கும் கேட்கிற மாதிரி முழுப் பெயரையும் சொன்னது. அன்றைக்கு அந்த மேடையில் இருந்த ரசாக் பாய் இல்லை, பாக்கியத்தாய் இல்லை. எழுதின சாரும் இல்லை. போர்வைக்குப் பின்னால் நின்றவனை ஒரு ஆளாகச் சேர்க்க வேண்டாம். எழுதிக்கொள் தமயந்தி. உயிரோடு இருப்பது மு. சந்தனமாரி.